டவுனிங் தெருவின் சந்தேகக்காரி

கிளாரா டிப்பெட் யாரையும் நம்ப மாட்டாள். பால்காரன் ஊற்றும் பாலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். கசாப்புக்கடையில் தராசு முள்ளிலிருந்து கண்ணை எடுக்க மாட்டாள். பாதிரியார் உடம்பு சரியில்லை என்று ஒரு ஞாயிறு கோயிலுக்கு வராவிட்டால், "எங்க போயிருக்கார்னு விசாரிச்சீங்களா?" என்று கேட்பாள். லண்டனின் லாம்பெத் பகுதியில் அவள் இருந்த சந்தில் எல்லோருக்கும் இது தெரியும். இப்படி ஆனதற்குக் காரணமும் தெரியும்.

அவள் புருஷன் ஆல்ஃப் தேம்ஸ் நதியில் சரக்குப் படகு ஓட்டியவன். பதினோரு வருஷக் குடித்தனம். வாரத்தில் மூன்று நாள் வீட்டில், நான்கு நாள் ஆற்றில். ஒரு மார்கழிக் குளிரில் நெஞ்சில் சளி கட்டிச் செத்துப்போனான். அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் கிளாரா முதல் பிடி மண்ணைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, எதிர்ப்பக்கம் கறுப்புத் தொப்பி போட்ட ஒருத்தி கைக்குழந்தையோடு நின்று அழுதுகொண்டிருந்தாள். ஆற்றோர ஊரான கிரேவ்ஸெண்டிலிருந்து வந்தவள். குழந்தைக்கு ஆல்ஃபின் மூக்கு. அந்த நான்கு நாட்களும் எங்கே போயின என்று கிளாராவுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. வீட்டுக்கு வந்து அவனுடைய கோட்டுப் பைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் எதையும் திருப்பிப் பார்க்காமல் விட்டதில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்த வருஷம் அவளுக்கு டவுனிங் தெருவில், பிரதமர் குடியிருக்கும் பத்தாம் எண் வீட்டில், துப்புரவு வேலை கிடைத்தது. கிடைப்பதற்கு முன்னால் ஒரு போலீஸ்காரர் அவள் சந்துக்கே வந்து நாலு வீட்டில் அவளைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார். வேறொருத்தியாக இருந்தால் மானம் போயிற்று என்று குமுறியிருப்பாள். கிளாராவுக்கோ மனசு குளிர்ந்தது. விசாரித்துவிட்டு வேலைக்கு வைக்கிறவர்கள் என்றால் விவரமானவர்கள்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

காலை ஐந்தரைக்கு உள்ளே போய்விட வேண்டும். ஐந்து பெண்கள். அடித்தளத்துச் சமையலறையில் ஆளுக்கொரு கோப்பை தேநீர், பிறகு வாளியும் துடைப்பமுமாய் ஆளுக்கொரு பக்கம். மூத்தவள் மிஸஸ் ஸ்ப்ராக். பருத்த உடம்பு, மெதுவான நடை, காது மட்டும் கூர்மை. விதி ஒன்றுதான்: மேஜைமேல் கிடக்கும் காகிதத்தில் கை படக்கூடாது. குப்பைக்கூடைக் காகிதம் நேராகச் சாக்கில் போக வேண்டும், சாக்கு நேராக உலைக்குப் போக வேண்டும். கிளாராவுக்கு மேல்மாடி, பிரதமரும் மனைவியும் இருந்த அறைகள். பத்து வருஷத்தில் மூன்று பிரதமர்களின் தலையணை உறையை மாற்றியிருந்தாள். மூன்று பேரையும் அவள் முழுதாக நம்பியதில்லை.

ஒன்பது மணிக்கு வேலை முடிந்து வெளியே வந்தால் எதிர்ச்சுவரோரம் பத்திரிகைக்காரர்கள் நிற்பார்கள். அப்போதெல்லாம் அந்தத் தெருவுக்குக் கதவு கிடையாது, யாரும் வந்து நிற்கலாம். அவர்களில் நிரந்தரமானவன் பெர்ஸி லிம். 'ஈவினிங் லாந்தர்' என்ற மாலைப் பத்திரிகைக்காரன். மழையானாலும் வெயிலானாலும் அதே இடம், அதே சிகரெட்.

"என்ன மிஸஸ் டிப்பெட், பெரியவர் எப்படி இருக்கார்?"

"உன்னைவிட நல்லாத்தான் இருக்காரு. குளிக்கவாச்சும் செய்றாரு."

"ஏதாச்சும் ஒண்ணு சொல்லிட்டுப் போங்களேன். என் எடிட்டர் என்னை உயிரோட வறுக்கிறான்."

"வறுத்ததும் சொல்லு, உப்பு எடுத்துட்டு வர்றேன்."

இது தினப்படிக் கூத்து. தினமும் கேட்பான், தினமும் வாங்கிக் கட்டிக்கொள்வான்.

இப்படியிருக்கையில் ஒரு இலையுதிர் காலத்தில், வேலையை விட்டுப் போன ஒருத்தியின் இடத்துக்கு ரூபி மன்னிங்ஸ் வந்து சேர்ந்தாள். முப்பது வயது, பெர்மாண்ட்ஸிக்காரி. புருஷன் லென் கனடாவில் மரம் வெட்டும் வேலைக்குப் போயிருந்தான். வீடு பார்த்ததும் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தானாம். ரூபி துடைக்கும்போது வாய்க்குள்ளேயே ஏதோ பாடுவாள். அவளை மேல்மாடியில் கிளாராவுக்குத் துணையாகப் போட்டார்கள்.

முதல் வாரத்திலேயே கிளாராவுக்கு அரித்தது. இந்தப் பெண் காகிதத்தைக் கண்டால் ஒரு கணம் நிற்கிறாளே, ஏன்? கூடையிலிருந்து எடுத்ததைச் சாக்கில் போடுமுன் இப்படியும் அப்படியும் திருப்புகிறாளே, ஏன்? கைப்பையை மற்றவர்களைப் போல ஆணியில் மாட்டாமல், வேலை செய்யும் அறைக்கே கொண்டுவந்து கண்ணில் படும்படி வைத்துக்கொள்கிறாளே, அதில் என்ன இருக்கிறது? கிளாரா கேட்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிப்ரவரி மாதம் ஒரு திங்கட்கிழமை. படுக்கையறைக்குள் போனதுமே ஏதோ சரியில்லை என்று கிளாராவுக்குப் பட்டது. கட்டிலடியில் ஒரு சிறிய பெட்டி பாதி கட்டப்பட்டிருந்தது. இரண்டு பைஜாமா, ஒரு சவரப் பெட்டி. பிரதமரின் மனைவியுடைய உடைகள் எதுவும் அதில் இல்லை. காலைத் தட்டில் வெண்ணெய் தொடப்படாமல் இருந்தது. தட்டுக்கடியில் ஒரு சீட்டு, டாக்டர் கையெழுத்து. கொழுப்பு கூடாது, வியாழக்கிழமை காலை வெறும் வயிறு, பித்தப்பை. விதியை மீறி அதைப் படித்துவிட்டோமே என்று கிளாரா திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

அதே சீட்டை ரூபி எடுத்தாள். ஒரு தடவை திருப்பினாள். நெற்றியைச் சுருக்கி அதையே பார்த்தாள்.

"மிஸஸ் டிப்பெட், இது வேணுமா, சாக்கிலே போட்ரட்டா?"

"இருந்த இடத்திலேயே வை," என்றாள் கிளாரா. குரல் அவளுக்கே கடுமையாகக் கேட்டது.

அன்றைக்கு வெளியே வந்தபோது வாயை இறுகப் பூட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து விறுவிறுவென்று நடந்து, பாலம் தாண்டித்தான் மூச்சு விட்டாள். பத்து வருஷத்தில் முதல் தடவையாக அவளிடம் ஒரு நிஜமான ரகசியம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை 'ஈவினிங் லாந்தர்' முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வந்தது: பிரதமருக்கு இந்த வாரம் அறுவை சிகிச்சை. மளிகைக் கடைக்குப் பக்கத்திலிருந்த பேப்பர்காரன் கத்தி விற்றதைக் கேட்டு கிளாரா ஒன்று வாங்கிப் பார்த்தாள். அவள் சொல்லவில்லை. அப்படியானால் சொன்னது யார்?

புதன்கிழமை காலை சாம்பல் நிறக் கோட்டில் ஒருவர் வந்தார். மிஸ்டர் கேரூ, பாதுகாப்பு அதிகாரி என்று சொன்னார்கள். தணிந்த குரல். ஐந்து பெண்களையும் தனித்தனியே கூப்பிட்டு ஐந்தைந்து நிமிஷம் பேசினார். "நான் யாரையும் குத்தம் சொல்லலைம்மா. டாக்டர் வீட்டிலேருந்தும் போயிருக்கலாம், ஆஸ்பத்திரியிலேருந்தும் போயிருக்கலாம். உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க, அவ்வளவுதான்," என்றார். கிளாரா தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் மற்றவர்களையும் பார்த்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் கீழே தேநீர் மேஜையில் முடியவில்லை. ரூபி வாளியை நிரப்பப் போயிருந்த நேரம்.

"நம்ம அஞ்சு பேர்ல ஒருத்திதான்னு அந்த மனுஷர் மனசிலே இருக்கு," என்றாள் மிஸஸ் ஸ்ப்ராக். "வாயாலே சொல்லலே, அவ்வளவுதான்."

"நான் தரைத்தளம். எனக்கு என்னத்தைத் தெரியும்?" என்றாள் ஒருத்தி.

எல்லாக் கண்களும் கிளாரா பக்கம் திரும்பின. மேல்மாடிக்காரி அவள்தானே. அந்தப் பார்வை அவளைச் சுட்டது. அப்போதுதான் அது அவள் வாயிலிருந்து விழுந்தது.

"டாக்டர் சீட்டைக் கையிலே வெச்சுக்கிட்டு நின்னவ நான் இல்லே. ரூபி. என் கண்ணாலே பார்த்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தா."

ரூபி வாளியோடு திரும்பி வந்தபோது அவளுடைய கோப்பையில் மட்டும் தேநீர் ஊற்றப்படாமல் இருந்தது.

அடுத்த இரண்டு நாளும் அப்படியே போயின. ரூபி காலை வணக்கம் சொன்னால் பதில் வராது. அவள் உட்கார்ந்தால் பக்கத்தில் இருந்தவள் எழுந்துவிடுவாள். அவள் சாக்கைத் தூக்கினால் மிஸஸ் ஸ்ப்ராக் உலை வரைக்கும் பின்னாலேயே போவாள். ரூபி பாடுவதை நிறுத்திவிட்டாள். ஒரு தடவை கிளாராவிடம், "நான் என்ன பண்ணிட்டேன்னு யாராச்சும் சொன்னா தேவலை," என்றாள். கிளாரா ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கைப்பை அன்றைக்கும் நாற்காலிமேல் இருந்தது. கொஞ்சம் திறந்திருந்த வாய்க்குள் ஒரு கவரின் ஓரம் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் கிளாரா ரூபியின் பின்னாலேயே போனாள்.

மூடுபனி இருந்ததால் பின்தொடர்வது கஷ்டமாக இல்லை. ரூபி பாலத்தைத் தாண்டி, வாட்டர்லூ நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்னத் தேநீர்க் கடைக்குள் நுழைந்தாள். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. கிளாரா கையுறையால் ஒரு வட்டம் துடைத்து உள்ளே பார்த்தாள். மூலை மேஜையில் பழுப்புத் தொப்பி போட்ட ஒரு கிழவர் காத்திருந்தார். ரூபி பையைத் திறந்து கவரை எடுத்து அவரிடம் கொடுத்தாள். அவர் அதைப் பிரித்து ஆழ்ந்து படித்தார். பிறகு பேனாவை எடுத்து ஒரு வெள்ளைத் தாளில் எழுத ஆரம்பித்தார். ரூபி குனிந்து அவர் காதருகே ஏதோ சொல்ல, அவர் எழுதினார். மறுபடி சொல்ல, மறுபடி எழுதினார்.

கிளாராவுக்குப் பயத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம். பார்த்தாயா, நான் நினைத்தது சரி. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் மேஜைமேல் இருந்த காகிதத்தைப் பறித்தாள்.

"பிடிச்சுட்டேன்! எந்தப் பேப்பருக்குடி எழுதிக் குடுக்கிறே?"

கடையில் எல்லோரும் திரும்பினார்கள். கிளாரா உரக்க வாசித்தாள்: "என் தங்கமே, இங்கே பனி முழங்கால் வரைக்கும். ராத்திரி படுத்தா உன் காலோட சூடு இல்லாம தூக்கமே..."

அதற்குமேல் அவளால் வாசிக்க முடியவில்லை. அடியில் லென் என்று கையெழுத்து இருந்தது. கவரில் கனடா முத்திரை.

கிழவர் எழுந்து நின்றார். "யாரம்மா நீங்க? என் பேர் ஜெஸ்ஸப். முப்பது வருஷம் தபாலாபீஸ்ல இருந்தவன். அந்தக் கடுதாசியை அந்தப் பொண்ணுகிட்டக் குடுங்க."

"புருஷன் கடுதாசின்னா இவ வீட்டிலே உக்காந்து படிக்க வேண்டியதுதானே? உங்ககிட்ட எதுக்குக் கொண்டு வரணும்?" கிளாரா விடவில்லை. விடத் தெரியவில்லை.

ரூபியின் முகம் காதுவரை சிவந்திருந்தது. மற்ற மேஜைகளைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது, மிஸஸ் டிப்பெட். போதுமா? ஒரு எழுத்து தெரியாது. சின்ன வயசிலே அம்மாவுக்கு ஒத்தாசையா உருளைக்கிழங்கு உரிச்சேன், பள்ளிக்கூடம் போகலை. வேலைக்கு விண்ணப்பம் எழுதினவர் இவர்தான். லென்னுக்குக்கூடத் தெரியாது. நான் எழுதறேன்னு நினைச்சுக்கிட்டிருக்கான். இப்ப இந்தக் கடை பூரா தெரிஞ்சுபோச்சு."

நடிக்கிறாள் என்றுதான் கிளாரா முதலில் நினைத்தாள். பிறகு அந்தத் திங்கட்கிழமை கண்முன் வந்தது. காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பியது. எது தலை, எது கால் என்று தேடியிருக்கிறாள். வேணுமா, போட்ரட்டா என்று கேட்டது. அது முக்கியமா என்று தெரியாமல் கேட்டிருக்கிறாள். ஐந்து மாதமாகப் பக்கத்திலேயே நின்று கவனித்த கிளாராவுக்கு, கவனிக்க வேண்டிய ஒன்று மட்டும் கண்ணில் படவில்லை.

கடிதத்தை மேஜைமேல் வைத்தாள். வெளியே வந்து நடந்தாள்.

திங்கட்கிழமை ரூபி வேலைக்கு வரவில்லை. பிரதமருக்கு எல்லாம் நல்லபடி முடிந்தது, பத்து நாளில் வீடு திரும்புவார் என்று சமையலறையில் பேசிக்கொண்டார்கள். "பாத்தியா, மாட்டிக்கிட்டா, ஓடிட்டா," என்றாள் மிஸஸ் ஸ்ப்ராக். கிளாரா தேநீரைக் குடிக்காமல் வைத்தாள். ரூபி இல்லை என்றால் வேறு யார்? அவள் மனசு பழைய வழியிலேயே ஓடியது. ஸ்ப்ராக்கா? அவள் மச்சான் அச்சகத்தில் இருக்கிறான். உலைக்குக் கரி போடுகிறவனா? அந்த டாக்டரின் டிரைவரா? ஒன்பது மணிக்கு வெளியே வந்தபோது எல்லோர் முகமும் கள்ள முகமாகவே தெரிந்தது.

எதிர்ச்சுவரோரம் பெர்ஸி லிம் தொப்பியை எடுத்து வணங்கினான். புதுத் தொப்பி.

"மிஸஸ் டிப்பெட், உங்களுக்கு நான் ஒரு பூங்கொத்து கடன்பட்டிருக்கேன்."

"எனக்கா? எதுக்கு?"

"அந்தச் செய்திக்குத்தான். நீங்க குடுத்ததுதானே."

கிளாராவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "டேய், நாக்கை அறுத்துப்போடுவேன். நான் உங்கிட்ட ஒரு வார்த்தை பேசலை!"

"அதைத்தான் சொல்றேன்," என்றான் அவன். கேலியில்லாமல்தான் சொன்னான். "அஞ்சு வருஷமா தினமும் கேக்கிறேன், தினமும் திட்டுவீங்க. அந்தத் திங்கக்கிழமை கேட்டேன், நீங்க திட்டலை. உதட்டைக் கடிச்சுக்கிட்டு, சாவு வீட்டிலேருந்து வர்ற மாதிரி ஓடினீங்க. சரி, பெரியவருக்கு உடம்புக்கு ஏதோன்னு தோணிச்சு. மத்தியானம் வரைக்கும் நின்னேன். ஒரு கார் வந்துச்சு. உள்ளே இருந்தவர் மூஞ்சி தெரிஞ்ச மூஞ்சி, வயித்து ஆபரேஷனுக்குப் பேர்போன டாக்டர். மீதியை ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டு ஊகிச்சுக்கிட்டேன். உள்ளேயிருந்து யாரும் ஒண்ணும் சொல்லலை."

கிளாரா அங்கேயே நின்றாள். சுற்றிலும் ஏதோ ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் பத்தாம் எண் வீட்டு வாசல் கதவைப் பார்க்க வந்து சளசளத்துக்கொண்டிருந்தது. கடைசியில், "இதை எவ்வளவு பேருகிட்ட சொல்லியிருக்கே?" என்று கேட்டாள்.

"என் எடிட்டர்கிட்டக்கூடச் சொல்லலை. அவன் எனக்குப் பெரிய ஆள் யாரோ உள்ளே இருக்கான்னு நினைக்கட்டும்."

மறுநாள் மிஸ்டர் கேரூ வேறு வேலையாக வந்திருந்தார். கிளாரா கைத்துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு நேராக அவர்முன் போய் நின்றாள். சமையலறையில் எல்லோரும் இருந்தார்கள், வேண்டுமென்றே அந்த நேரத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

"ஐயா, அந்தச் செய்தி போனது என்னாலேதான்," என்றாள். பெர்ஸி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். "ரூபி ஒண்ணும் பண்ணலை. இவங்க எல்லார் முன்னாலயும் அவ பேரை இழுத்தவ நான். என்னை வேலையை விட்டு எடுக்கணும்னா எடுத்துடுங்க. அவளைக் கூப்பிடுங்க."

மிஸ்டர் கேரூ குடையை மேஜையோரம் சாய்த்து வைத்தார். "மூஞ்சியைப் பூட்டி வெக்கணும்னு எந்த விதியிலயும் இல்லைம்மா," என்றார். "மிஸஸ் மன்னிங்ஸை நாங்க அனுப்பவே இல்லை. அவங்க இடம் அப்படியே இருக்கு. போய்ச் சொல்லுங்க."

அவர் போனதும் மிஸஸ் ஸ்ப்ராக் மேஜையைத் தட்டினாள். "அதெல்லாம் சரி. அவ ஏன் அந்தச் சீட்டை அப்படிப் பார்த்தா? அதுக்கு என்ன சொல்றே?"

உண்மை கிளாராவின் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் ஒரு நிமிஷத்தில் எல்லாம் தெளிந்துவிடும். ஆனால் அது ரூபியுடையது.

"பார்த்தா. அதுக்கென்ன? எனக்குத் தெரியும் அவ இல்லேன்னு. எப்படித் தெரியும்னு கேக்காதே," என்றாள். கிளாரா டிப்பெட் ஒருத்திக்காக இப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. ஸ்ப்ராக் எழுந்து தேநீர்க் கெட்டிலை எடுக்கப் போனாள்.

பெர்மாண்ட்ஸியில் ரூபியின் வீடு தோல் பதனிடும் தொழிற்சாலைக்குப் பக்கத்தில். நாற்றம் தொண்டையைப் பிடித்தது. ரூபி கதவைத் திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. கிளாரா வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"அவங்ககிட்டச் சொல்லிட்டீங்களா? எனக்குப் படிக்கத் தெரியாதுங்கறதை?"

"இல்லே."

"நம்பலாமா?" என்றாள் ரூபி.

அந்தக் கேள்வியைத்தான் இருபது வருஷமாகக் கிளாரா எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள். அது தன் பக்கம் திரும்பினால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

"நாளைக்கு வந்து தேநீர் மேஜையிலே உக்காந்து பாரு. அப்ப தெரியும்," என்றாள்.

"வர்றேன். ஆனா உங்களுக்காக இல்லே. மேல்மாடியிலே உங்ககூட வேண்டாம், அதை மட்டும் சொல்லிடுங்க."

ரூபி வந்தாள். ஸ்ப்ராக்கே அவள் கோப்பையில் தேநீர் ஊற்றினாள். தரைத்தளத்தில் வேலை செய்தாள். கிளாராவோடு வாளி, சோப்பு, சாவி என்று வேண்டிய வார்த்தை மட்டும் பேசினாள். எட்டு மாதம் அப்படியே போயிற்று. கிளாரா அதைக் குறைசொல்லவில்லை.

அடுத்த அக்டோபரில் லென் வீடு பார்த்துவிட்டான். ரூபி கப்பலேற சவுதாம்ப்டன் ரயிலுக்குக் கிளம்பிய காலை, கிளாரா யாரும் கூப்பிடாமலே வாட்டர்லூ நிலையத்துக்குப் போனாள். ஜெஸ்ஸப் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார். ரூபி அவளைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"லென்கிட்டே சொல்லிட்டேன்," என்றாள், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி. "போறதுக்கு முன்னாலே சொல்லிடணும்னு தோணிச்சு. இவரையே எழுதச் சொன்னேன், இதெல்லாம் என் எழுத்து இல்லேன்னு."

"அவன் என்ன சொன்னான்?"

"முதல் கடுதாசியிலேயே சந்தேகம் வந்துச்சாம். இவ்வளவு அழகா எழுதறவ கல்யாண ரிஜிஸ்தர்லே ஏன் கையெழுத்துக்குப் பதிலா ஒரு கோடு கிழிச்சான்னு. ஆனா நானே சொல்றவரைக்கும் கேக்க வேண்டாம்னு இருந்தானாம். மூணு வருஷமா."

விசில் ஊதியது. ரூபி கையை நீட்டினாள், கிளாரா பிடித்துக்கொண்டாள். ரயில் நகர்ந்ததும் கை விடுபட்டது.

கிளாரா வீட்டுக்குப் போகாமல் பாலத்தின் பக்கம் நடந்தாள். சந்தேகம் வந்தும் ஒரு மனிதன் மூன்று வருஷம் கேட்காமல் இருக்க முடியுமா? கோட்டுப் பையைத் திருப்பிப் பார்க்காமல் இருக்க முடியுமா? முடியாது என்றுதான் முதலில் தோன்றியது. இன்னொரு கடிதம் எங்கோ இருக்க வேண்டும், ஏதோ மறைக்கிறான் என்று மனசு பழக்கப்படி தோண்டிப் பார்த்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. பாலத்தின் நடுவில் நின்று, ஆல்ஃப் ஓட்டியதைப் போன்ற சரக்குப் படகுகள் போவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.